ஸ்பீடு இருக்கு... அப்புறம் ஏன் லேக் அடிக்குது?

“டேய் மச்சான், 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். ஸ்பீடு டெஸ்ட்ல முழுசா காட்டுது. கேம்ல மட்டும் லேக் அடிக்குதுடா.”

ஆன்லைனில் கூட்டாக விளையாடும் யாரும் இதைச் சொல்லாமலோ கேட்காமலோ இருந்திருக்க முடியாது. அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். ஒருவர் ரூட்டரை அணைத்துப் போடுவார். இன்னொருவர் கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்க ஆரம்பிப்பார். மூன்றாமவர் யூடியூபில் யாரோ சொன்னபடி ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றுவார். மணி பதினொன்று ஆனதும், “சரிடா, அடுத்த வாரம் பாக்கலாம்” என்று கலைந்துவிடுவார்கள். கல்லூரி முடிந்து ஆளுக்கொரு ஊராக, கோவை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்ட நண்பர்களுக்கு வாரத்தில் ஒன்றுகூட வாய்ப்பதே அந்த இரண்டு மணி நேரம்தான். அது ‘ரீகனெக்டிங்’ என்ற எழுத்தைப் பார்த்தபடியே கரைந்துபோவதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. கோளாறு எங்கே என்று பார்க்காமல், கையில் அகப்பட்டதையெல்லாம் மாற்றுவதால்தான் அவை தீராமல் கிடக்கின்றன. உங்கள் அறையின் ஒய்ஃபை, வீட்டு ரூட்டர், இணைய நிறுவனத்தின் வலை, ஊர்களையும் கடலையும் தாண்டும் கேபிள், அந்தப் பக்கத்து கேம் சர்வர் என்று வழி நீளமானது. எந்த இடத்தில் சிக்கல் என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வேகம் வேறு, தாமதம் வேறு

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா வந்து சேரும் என்பதற்கான அளவு. படம் பார்க்க அது வேண்டும். கேமுக்கு அவ்வளவு வேண்டாம். துப்பாக்கிச் சண்டை கேம்கள் ஒரு மணி நேரத்தைச் சில நூறு எம்பிக்குள் முடித்துக்கொள்ளும். அதே ஒரு மணி நேரத்துக்கு ஹெச்டி படம் ஜிபி கணக்கில் கேட்கும். கேமுக்குத் தேவை வேறு. நீங்கள் பட்டனை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய், பதில் திரும்பிவர எத்தனை மில்லி விநாடி ஆகிறது? அதைத்தான் திரையின் மூலையில் பிங் என்று காட்டுகிறார்கள். அந்த நேரம் ஒரே சீராக இருக்கிறதா, வழியில் டேட்டா பாக்கெட்டுகள் தொலைகின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிங் 80-ல் அசையாமல் நின்றால் கை அதற்குப் பழகிவிடும். 30-க்கும் 250-க்கும் இடையே துள்ளினால் எவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரராலும் ஆட முடியாது. நூறில் மூன்று நான்கு பாக்கெட் தொலைந்தாலே, இங்கே நின்ற எதிரி அங்கே தோன்றுவார்.

ஸ்பீடு டெஸ்டும் ஏமாற்றக் கூடியது. அது பெரும்பாலும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரோடு, சில விநாடிகள் மட்டும் பேசிப் பார்க்கிறது. உங்கள் கேம் சர்வர் இருப்பது மும்பையிலோ சிங்கப்பூரிலோ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிளில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப, ஒளிக்கே 30 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. இடையிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. ஆக, சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்கு 40 காட்டுகிறது என்றால் உங்கள் இணைப்பில் குற்றமே இல்லை. மும்பை சர்வருக்கு 25, 30 என்றாலும் அப்படித்தான். ‘பிங்கைப் பாதியாகக் குறைப்போம்’ என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர் ஆப் எதுவும் ஒளியை முந்த முடியாது. உங்கள் நிறுவனம் டேட்டாவைச் சுற்றுவழியில் அனுப்பிக்கொண்டிருந்தால் மட்டும் அதைப் போன்ற சேவை சிலருக்குப் பலன் தரும். அந்தச் சுற்றுவழி உண்டா என்று பார்க்காமல் மாதாமாதம் அதற்குப் பணம் கட்டுவது வீண்.

முதல் கேள்வி நண்பர்களிடம்

எந்தப் பட்டனையும் தொடுவதற்கு முன் வாய்ஸ் சாட்டில் ஒரு கேள்வி: “எல்லாருக்கும் இழுக்குதா, எனக்கு மட்டுமா?” எல்லோருக்கும் என்றால் சர்வரில் கோளாறு. யாரும் வீட்டு ரூட்டரை நோண்ட வேண்டாம். ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு அவர் பக்கம். மைன்கிராஃப்ட், டெர்ரேரியா போன்ற கேம்களில் நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரே சர்வராக இருக்கும். அவருக்குச் சுகமாக ஓடி, மற்ற எல்லோருக்கும் இழுத்தால், அவருடைய அப்லோடில்தான் பிரச்சினை.

அடுத்தது, ‘உள்ளே போக முடிகிறது, ஆனால் இழுக்கிறது’ என்பதும் ‘உள்ளேயே போக முடியவில்லை’ என்பதும் வெவ்வேறு நோய்கள். இரண்டாவதற்குப் பல நேரங்களில் நெட்டே காரணம் இல்லை. மைன்கிராஃப்டில் ஜாவா பதிப்பு வைத்திருப்பவரும் பெட்ராக் பதிப்பு வைத்திருப்பவரும் நேரடியாகச் சேர்ந்து ஆட முடியாது. ஒரே பதிப்பாக இருந்தாலும் அப்டேட் எண் ஒத்துப்போக வேண்டும். வேலரண்டில் கணக்கே பிராந்தியத்தோடு கட்டப்பட்டது: இந்தியாவும் சிங்கப்பூரும் ஆசிய-பசிபிக் என்பதால் அந்த இரு ஊர்க்காரர்களும் சேரலாம், ஐரோப்பியக் கணக்கு வைத்திருக்கும் லண்டன் அண்ணனோடு சேர முடியாது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ இந்தியாவுக்கென்றே தனியாக நடத்தப்படுவது. சிங்கப்பூர்த் தம்பி அங்கே பப்ஜியைத் திறந்துகொண்டு, இங்குள்ள அண்ணனின் பிஜிஎம்ஐ லாபியை நாளெல்லாம் தேடினாலும் கிடைக்காது. இதையெல்லாம் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொண்டால் எத்தனையோ இரவுகள் மிச்சம்.

இழுக்கிறது, எனக்கு மட்டும்தான் இழுக்கிறது என்று முடிவானால் பிங் கருவியை எடுக்கலாம். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், தங்கள் வலையில் எங்கே கோளாறு என்று தெரியாமல் 1983 டிசம்பரில் எழுதியது அது. இன்றும் ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரூட்டரின் எண்ணைக் கொடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில் சில மில்லி விநாடிக்குள், ஒரே சீராக வர வேண்டும். 5, 7, 180, 6, 240 என்று குதித்தால் சிக்கல் உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனத்துக்கு போன் போட்டுப் பயனில்லை. ரூட்டர் வரை சுத்தமாக இருந்தால், அடுத்து கூகுளின் 8.8.8.8-க்கு அதையே செய்யுங்கள். அங்கே குதித்தால் லைனிலோ நிறுவனத்திலோ கோளாறு. இரண்டும் சுத்தம், கேம் மட்டும் இழுக்கிறது என்றால் அந்த கேமின் சர்வரோ அதற்குப் போகும் பாதையோதான் காரணம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ரூட்டரை மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அறைக்குள் சிக்கல் என்றால் பெரும்பாலும் ஒய்ஃபைதான். நம் வீடுகளில் ஃபைபர் லைன் நுழையும் இடத்திலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது வாசல் பக்கம், டிவிக்குப் பின்னால். விளையாடுகிறவர் இருப்பது இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டி வரும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரூட்டர்கள் அந்த மூன்றுக்கு அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத் ஹெட்செட்டும் அதே பகுதியில்தான் வேலை செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. சுவரைத் தாண்டுவதில் சோர்ந்துவிடும். இதற்கெல்லாம் மேலான மருந்து சில நூறு ரூபாய் லேன் கேபிள். சுவரோரமாக இழுத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது. கேமிங் ரூட்டர் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அண்ணன் ஆடும்போது தங்கையின் போட்டோ ஏறினால்

லேன் கேபிளும் போட்டாயிற்று, ரூட்டர் வரை பிங் சுத்தம். பகலில் அருமையாக ஓடுகிறது. இரவில் வீட்டில் எல்லோரும் வந்ததும் பிங் 300-க்கு ஏறுகிறது. இதன் காரணம் நீண்ட காலம் யாருக்கும் சரியாகப் பிடிபடாமல் இருந்தது. 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் பொறியாளர் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் வீட்டு இணையமே படுத்துவிடுவதைக் கவனித்துத் துருவ ஆரம்பித்தார். குற்றவாளி ரூட்டருக்கும் மோடத்துக்கும் உள்ளேயே இருந்தது. நினைவகம் மலிவாகிவிட்டதால், எந்த பாக்கெட்டையும் கீழே போடாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திவைக்கும்படி அந்தக் கருவிகளைச் செய்திருந்தார்கள். தங்கையின் போன் நூறு போட்டோக்களை ஏற்றத் தொடங்கினால் அந்த வரிசை நிரம்பிவிடும். அண்ணன் சுட்ட ஒரே ஒரு சின்ன பாக்கெட் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். லைன் வேகமாகத்தான் இருக்கிறது. காத்திருப்புதான் நீளம்.

கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வேன் ஜேகப்சனும் வரிசையை நீளவிடாமல் காக்கும் ‘கோடெல்’ முறையை வெளியிட்டார்கள். இன்று நல்ல ரூட்டர்களில் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற பெயரில் அந்த வகை வசதி கிடைக்கிறது. அதைப் போட்டு, அப்லோட் வேகத்தை உண்மையான வேகத்தில் பத்துச் சதவீதம் குறைத்து வைத்தால், வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் உங்கள் ரூட்டரின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் லேக் குறையும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். செய்து பார்த்தால் நம்புவார்கள். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால், ஆட்ட நேரத்தில் போன்களின் போட்டோ பேக்கப்பையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவையுங்கள். அதற்காக வீட்டில் மற்றவர்களைத் திட்டாதீர்கள். அவர்களுக்கும் அதே இணைப்புதான். தவறு செய்தது பெட்டி.

கதவு திறக்காத வீடு

இப்போது, உள்ளேயே போக முடியாத நோய்க்கு நெட் பக்கத்தில் இருக்கும் காரணத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-ல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத்துக்கு அது போதவில்லை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசிப் பங்குக்கு வந்துவிட்டது. அதற்கு வெகு முன்பே ஒரு மாற்று ஏற்பாடு பழக்கத்துக்கு வந்திருந்தது: வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே முகவரி. இந்த ஏற்பாட்டுக்கு நாட் என்று பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து யாராவது ஆர்டர் செய்த பார்சல் வந்தால், யாருடையது என்று குறித்துவைத்திருப்பதால் மேலே அனுப்புவார். யாரும் சொல்லாமல் ஒருவர் வந்து நின்றால், எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் மைன்கிராஃப்ட் உலகத்தைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறீர்கள். நண்பர் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறார்.

எக்ஸ்பாக்ஸ் இதைத்தான் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று காட்டும். பிளேஸ்டேஷன் 1, 2, 3 என்று எண் போடும். இரண்டு பக்கமும் ஸ்ட்ரிக்ட் என்றால் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காது, லாபி சேராது. வைத்தியம் இரண்டு. ரூட்டரில் யுபிஎன்பி வசதியைப் போட்டால் கேமே கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும். அல்லது போர்ட் ஃபார்வர்டிங்: மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு 25565, பெட்ராக்குக்கு 19132 என்ற எண்ணில் வருவதை இன்ன கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று ரூட்டரில் நாமே எழுதிவைப்பது. இரண்டுக்கும் முன்னால், ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வந்தபோது இருந்ததே இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்த ஒரு கேமுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

இவ்வளவு செய்தும் நண்பர் உள்ளே வரவில்லையா? ரூட்டர் பக்கத்தைத் திறந்து வான் ஐபி என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, உங்கள் வாட்ச்மேனுக்கு மேலே நிறுவனத்தின் வாட்ச்மேன் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அதை சிஜி-நாட் என்பார்கள். முகவரிப் பஞ்சத்தில் நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்குகின்றன, 100.64 வரிசை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மொபைல் இணைப்புகளில் இது சர்வசாதாரணம். வீட்டு ஃபைபரிலும் ஏராளம். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் மேலே இருக்கும் கதவு மூடியே இருக்கும்.

இதை நான் ஒரு தொழில்நுட்பச் சில்லறையாகக் கருதவில்லை. பணம் கட்டும் சந்தாதாரர் பார்க்கலாம், கேட்கலாம், வாங்கலாம். ஆனால் தன் வீட்டிலிருந்து நாலு பேருக்கு ஒன்றைத் திறந்துவைக்க முடியாது. பதினான்கு வயதுப் பிள்ளை சொந்தமாக ஒரு சர்வர் நடத்திப் பார்ப்பதுதான் கம்ப்யூட்டர் வலை பற்றி அவனுக்கோ அவளுக்கோ கிடைக்கும் முதல் உண்மையான பாடம். அந்த வாய்ப்பை மூடிவிட்டு, அப்படி மூடியிருக்கிறது என்று விளம்பரத்தில் ஒரு வரிகூடச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. கேட்டால் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு ஸ்டேட்டிக் ஐபி தருகின்றன. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிறது.

நிரந்தரத் தீர்வு ஐபிவி6. முகவரிப் பஞ்சமே இல்லாத முறை. அது அதிகம் பரவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உங்களிடமும் நண்பரிடமும் ஐபிவி6 இருந்து, கேமும் ரூட்டரும் ஒத்துழைத்தால் சிஜி-நாட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பேசலாம். எல்லா கேம்களும் இன்னும் அதற்கு வரவில்லை. அதுவரை கைகொடுப்பவை டெயில்ஸ்கேல், ஜீரோடியர், ராட்மின் போன்றவை. நண்பர்கள் எல்லோரும் ஒரே செயலியைப் போட்டுக்கொண்டால், வெவ்வேறு ஊர்க் கம்ப்யூட்டர்கள் ஒரே வீட்டு வலையில் இருப்பதுபோல் ஒன்றையொன்று பார்க்கும். இரண்டு பக்கமும் உள்ளிருந்தே தொடங்கிப் பேசுவதால் வாட்ச்மேன் தடுப்பதில்லை. சிறிய கூட்டத்துக்குச் செலவில்லாமலே முடித்துக்கொள்ளலாம். தெரியாதவர்களை மட்டும் அந்த வலையில் சேர்க்காதீர்கள்.

சண்டை போடாதீர்கள்

“சுவருக்குப் பின்னாடி போயிட்டேன், அப்புறமும் எப்படிடா செத்தேன்? நீ ஏதோ ஹேக் பண்றே!” நட்பு முறிகிற அளவுக்கு இதில் சண்டை வருகிறது. பெரும்பாலும் அவர் எந்த ஏமாற்றும் செய்யவில்லை. 1996-ல் ஜான் கார்மேக் என்ற புரோகிராமர் குவேக்வேர்ல்டு என்ற துப்பாக்கிச் சண்டை கேமை வெளியிட்டபோது, சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் கம்ப்யூட்டரே உங்கள் அசைவை முன்கூட்டி ஊகித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். டயல்-அப் மோடத்தில் ஆடியவர்களுக்கு அது பெரிய விடுதலை. பின்னால் வந்த கேம்கள் இன்னொன்றையும் சேர்த்தன: நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தார் என்று சர்வர் காலத்தைப் பின்னோக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பிங் 120 உள்ள நண்பரின் திரையில் நீங்கள் இன்னும் சுவருக்கு வெளியேதான் நின்றீர்கள். உங்கள் திரையில் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். இருவர் சொல்வதும் உண்மை. சர்வர் சுட்டவர் பக்கம் சாய்கிறது. இது தெரிந்தால் பாதி வாக்குவாதம் நின்றுவிடும்.

சில நாள்களில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலிருந்து ஐரோப்பா பக்கம் போகும் இணைப்புகள் தடுமாறின. அப்படிப்பட்ட நேரத்தில் ஊருக்கு அருகிலுள்ள சர்வரில் ஆடிவிட்டுப் போக வேண்டியதுதான். கோளாறு உங்கள் நிறுவனத்தில்தான் என்று உறுதியானால், “நெட் ஸ்லோ” என்று புகார் கொடுக்காதீர்கள். ஸ்பீடு டெஸ்ட் போடச் சொல்லி, சரியாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். “ரூட்டருக்கு 3 மில்லி விநாடி, வெளியே இரவு 9 முதல் 11 வரை 200-க்கு மேல், நூறில் ஐந்து பாக்கெட் லாஸ்” என்று எண்களோடும் ஸ்கிரீன்ஷாட்டோடும் கொடுங்கள். லைன் பார்க்க வருகிறவருக்கும் எங்கே தொட வேண்டும் என்று தெரியும்.

வெளிநாட்டுச் சொந்தங்களோடு ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளி போய்வரவே 130 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். நடைமுறையில் 200-ஐத் தாண்டும். எந்த லேன் கேபிளும் இதைக் குறைக்காது. ஒருவர் ஊரில் சர்வர் வைத்தால் மற்றவர் முழுத் தாமதத்தையும் சுமக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய ஊரில் சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்தால் இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். கேமையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். சண்டை கேம்களும் வேலரண்டும் அந்தத் தூரத்துக்கு ஆகாது. மைன்கிராஃப்டில் வீடு கட்டலாம், செஸ் ஆடலாம், முறை வைத்து ஆடும் எதையும் ஆடலாம். நேரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்: டொராண்டோவில் காலை 10 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 8.30.